இரு நிலத்துக்கும் ஓர் ஊர்தி

புறநானூற்றில் உமணர் வருகின்றனர். உப்பு ஏற்றிய அவர்தம் வண்டி எந்தப் பள்ளத்தில் இறங்குமோ, எந்த மேட்டில் ஏறுமோ, முன்னறிந்து சொல்வார் யாருமிலர். ஆதலின் மாற்று அச்சு ஒன்றை வண்டியின் அடிமரத்தில் கட்டிக்கொண்டே அவர்கள் புறப்பட்டனர். சேம அச்சு என்பது அதன் பெயர். தலைவன் ஒருவனை அந்த அச்சுக்கு உவமையாக்கிப் பாடினார் ஔவையார். வகுப்பில் இப்பாடலை நடத்தும்போதெல்லாம் இது பழங்காலத்துச் செய்தி என்றே எண்ணியிருந்தோம். ஐப்பசி மாதத்து மாலையொன்றில் ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்குச் சென்றபோதுதான் அது நம் காலத்துச் செய்தியும் ஆகும் என்று உணர்ந்தோம்.

அன்று நல்ல மழை. பருத்திப்பட்டைத் தாண்டியதும் தார்ச்சாலை முடிந்து, தோண்டிய மண்ணும் சேறும் கலந்த மாற்றுப்பாதை தொடங்கியது. எமக்கு முன்னே எம் மாணவர் ஒருவர் நண்பரிடம் இரவல் பெற்ற கனத்த மோட்டார் சைக்கிளில் சென்றார். வேகம் அதிகமில்லை. முன்சக்கரம் சேற்றில் வழுக்கிற்று, காலூன்ற முயன்றார், கால் எட்டவில்லை. வண்டி வலப்புறம் சாய்ந்து அவர் காலை அழுத்திக் கிடந்தது. தூக்க முயன்றார், இயலவில்லை. வழிப்போக்கர் இருவரும் நாமுமாகச் சேர்ந்து தூக்கியபோது சைலன்சரின் சூடு அவர் கெண்டைக்காலில் பதிந்திருந்தது.

ஒரு வாரம் சென்றது. அம்மாணவர் தம் தந்தையுடன் எம் துறைக்கு வந்தார். தந்தை அம்பத்தூர் தொழிற்பேட்டையில் முப்பது ஆண்டுகள் லேத் இயந்திரத்தில் நின்று உழைத்தவர். பணிக்கொடைத் தொகை அப்போதுதான் கைக்கு வந்திருந்தது. மகனோ, தன்னை வீழ்த்திய அதே வண்டியைத்தான் வாங்கவேண்டும் என்கிறார். "ரோட்டுலயும் போகும், காடு மேட்டுலயும் போகும்னு சொல்றான். நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பான் சார்" என்றார் தந்தை. அன்று சொல்ல நினைத்ததை விரித்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சாலைக்கும் சாலையல்லா நிலத்துக்கும் பொதுவான மோட்டார் சைக்கிள் என்னும் எண்ணம் புதியதன்று. 1968ஆம் ஆண்டில் யமஹா நிறுவனம் டிடி-1 என்னும் 250 சி.சி. வண்டியை வெளியிட்டது. 1979இல் நடந்த முதல் பாரிஸ்–டக்கார் பந்தயத்தில் யமஹா எக்ஸ்டி 500 வண்டியில் சென்ற சிரில் நெவ் என்னும் பிரெஞ்சு வீரர் வாகை சூடினார். 1980இல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் ஆர் 80 ஜி/எஸ் என்னும் வண்டியைத் தந்தது. அப்பெயரின் ஈரெழுத்துகளும் கரட்டுநிலம், தெரு என்னும் இரு சொற்களைக் குறிப்பன. நம் நாட்டில் 2011இல் ஹீரோ இம்பல்ஸ், 2016இல் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன், 2019இல் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 ஆகியன இவ்வகையில் வந்தன.

சக்கரத்தோடு உறவுடையது நம் வட்டாரம். 1949 முதல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் மிதிவண்டிகளை உருவாக்கிற்று. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ரெட்டிட்ச் நகரத்து நிறுவனமும் இணைந்து உருவாக்கிய என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூரில் புல்லட்டைச் செய்தது. 1965இல் ஆவடியிலிருந்து விஜயந்தா டாங்கி வெளிவந்தது. எல்லா நிலத்திலும் செல்ல வல்லது டாங்கி என்பதை மறுப்பார் இலர். ஆயினும் அதிலேறிக் காய்கறி வாங்கச் செல்வாரும் இலர்! வல்லமை வேறு, பொருத்தம் வேறு. வண்டி தேர்வோர் முதலில் உணரவேண்டிய வேறுபாடு இதுவேயாகும்.

எனவே, விளம்பரம் காட்டும் பனிமலையை மறந்து, நாம் நாள்தோறும் செல்லும் வழியை எண்ணிப் பார்ப்போம். பத்துக் கிலோமீட்டர் சென்றால் ஒன்பது கிலோமீட்டர் தார்ச்சாலை. அதிலும் பேருந்துக்கும் லாரிக்கும் இடையே ஊர்ந்து செல்லும் நெரிசல். எஞ்சிய ஒரு கிலோமீட்டரே குழியும் சேறும் சரளையும் ஆகும். அந்த ஒன்றுக்காக ஒன்பதையும் துன்பமாக்கிக் கொள்ளலாகாது. ஒன்பதை மட்டும் எண்ணி அந்த ஒன்றில் விழவும் கூடாது.

உறுப்புகளின் இலக்கணத்தைச் சிறிது காண்போம். 21 அங்குல முன்சக்கரம் குழியின் விளிம்பை எளிதில் ஏறிக் கடக்கும். எனினும் நெரிசலில் சட்டெனத் திருப்புவதற்குச் சிறிய சக்கரமே ஏற்றது. கம்பிச் சக்கரம் குழியில் மோதினால் கோணும். தெருமுனை மெக்கானிக் கம்பிகளை முறுக்கிக் கோணலை எடுத்துவிடுவார். அலாய் சக்கரமோ பலமாக மோதினால் விரிசல் காணும். ஆனால் கம்பிச் சக்கரத்தில் பெரும்பாலும் ட்யூப் இருக்கும். ட்யூப் இல்லாத டயரைப் போலப் பஞ்சரை நின்ற இடத்திலேயே எளிதில் அடைக்க இயலாது. கட்டை கட்டையான பற்களுடைய டயர் சேற்றைக் கவ்வும். மழைநீர் படிந்த தாரிலோ அதன் பிடிப்புக் குறையும். ஒன்றைப் பெற்றால் ஒன்றை இழப்பதே இரு நிலத்து ஊர்தியின் இயல்பு.

இவை எல்லாவற்றினும் முதன்மையானது எடை என்பது எம் துணிபு. 2023இல் வந்த ஹிமாலயன் 450 வண்டி 196 கிலோ எடையுடையது. எக்ஸ்பல்ஸ் 200 வெளிவந்தபோது அதன் எடை ஏறத்தாழ 155 கிலோ. இரண்டின் இருக்கையும் தரையிலிருந்து 82 சென்டிமீட்டருக்கு மேலே அமைந்தது. நெடிய மனிதருக்கு இது பொருட்டன்று. நடுத்தர உயரமுள்ள நம் பிள்ளைகளுக்கோ சேற்றில் ஒற்றைக் காலின் நுனிவிரல் மட்டுமே தரையைத் தொடும். அவ்வேளையில் 40 கிலோ வேறுபாடு எண்ணன்று, எலும்பு.

நெடுஞ்சாலையில் கனத்த வண்டியே காற்றுக்கு அசையாது நிலைத்து ஓடும் என்பர் சிலர். அது உண்மையே. நாள்தோறும் பெங்களூருக்குச் செல்வோர் அதனை வாங்கட்டும். ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் இடையே வாழ்வோர் கேட்கவேண்டிய வினா ஒன்றே: விழுந்தால் இதனைத் தனியாளாய்த் தூக்க நம்மால் இயலுமா? கடையில் நிற்கும் வண்டியில் ஏறி அமர்ந்து பார்த்தல் போதாது. அதனை விட்டு இறங்கிப் பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள். ஓரளவு சாய்த்து மீண்டும் நிமிர்த்திப் பாருங்கள். இயலாவிடின் அவ்வண்டி எத்துணைச் சிறப்புடையதாயினும் நமக்குரியதன்று.

நம் நாட்டுப்புறத்தார் இவ்வுண்மையை முன்னரே கண்டுகொண்டனர். 1980இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. பால்கேனும் தண்ணீர்க்குடமும் தீவனக்கட்டும் ஏற்றிக்கொண்டு அது ஏரிக்கரையிலும் வண்டிப்பாதையிலும் சென்றது. வேகமில்லை, வீறுமில்லை, சேற்றில் சிக்கினால் இறங்கித் தள்ளிவிடலாம் என்னும் எளிமையே அதன் பெருமை. சாகச வண்டி என்று எவரும் அதனை அழைத்ததில்லை. ஆயினும் தமிழகத்தின் இரு நிலத்து ஊர்தி எது என்று எம்மைக் கேட்டால் அதனையே முதலில் சொல்வோம்.

பொருளையும் எண்ணவேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையுள்ள வண்டிகளுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 18 விழுக்காடு. அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 விழுக்காடு. வாங்கிய பின்னரும் டயர், காப்பீடு, உதிரிபாகம் என்று செலவு தொடரும். தவணையில் வாங்கினால் வட்டியும் சேரும். வட்டிக்கு அஞ்சும் குடும்பங்களுக்கு அது பணச்சுமையோடு மனச்சுமையும் ஆகும். முப்பது ஆண்டு உழைப்பின் பயனை முழுதும் ஒரு வண்டியில் கொட்டுவது வீண்விரயமன்றி வேறென்ன? இருநூறு சி.சி.யை ஒட்டிய எடை குறைந்த வண்டி போதும். அதுவும் இயலாதெனின் நூறு சி.சி. வண்டிக்கு நல்ல டயர் பூட்டி, ஷாக் அப்சார்பரைப் பழுதின்றிப் பேணினாலும் சேற்றைக் கடக்கலாம். நாம் அவ்வாறே கடந்து வருகிறோம்.

இன்னும் ஒரு சொல். சாலையல்லாத நிலம் என்றால் உடையவரற்ற நிலம் என்பது பொருளன்று. செம்பரம்பாக்கம் ஏரி சென்னைக்குக் குடிநீர் தருவது. ஏரிக்கரையில் வண்டியோட்டி விளையாடினால் சக்கரத் தடத்தில் மழைநீர் ஓடிக் கரையை அரிக்கும். பந்தய ஆர்வமுடையோர்க்கு இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடம் உண்டு. மேலும், 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் ஓட்டுபவருக்கும் பின்னிருப்பவருக்கும் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியுள்ளது. வண்டிக்கு ஒதுக்கிய தொகையில் ஒரு பகுதியைத் தலைக்கவசத்துக்கும் கணுக்கால் மறைக்கும் காலணிக்கும் முதலிலேயே எடுத்து வையுங்கள்.

எம் மாணவருக்கு நாம் சொல்வது இது: தம்பி, உமணர் வண்டியில் கட்டியது பொன்னாலான அச்சன்று, முறிந்தபோது உதவும் அச்சு. நீயும் விழும்போது உன் கைக்கு அடங்கும் வண்டியையே தேர்ந்துகொள். உன் தந்தையின் முப்பது ஆண்டு உழைப்பே உனக்குச் சேம அச்சு. முதல் மழையிலேயே அதனை முறித்துவிடாதே!