வேலை முடிந்தது, பணம் எங்கே?

கட்டிடம் எழுந்துவிட்டது. வெள்ளை அடித்து, தோரணம் கட்டி, திறப்பு விழாவும் நடந்துவிட்டது. ஆனால் கட்டியவருக்கு இன்னும் பணம் வரவில்லை!

தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் கேட்கும் புலம்பல் இது. பணம் தரவேண்டியவர் பெரிய காண்டிராக்டர். வாங்க வேண்டியவர், அவரிடம் இருந்து வேலையைப் பிரித்து எடுத்துச் செய்த சின்ன காண்டிராக்டர். இவரைத்தான் "சப்-காண்டிராக்டர்" என்கிறார்கள்.

பெரிய காண்டிராக்டருக்கு லைசென்சு கொடுத்தது சர்க்கார். அப்படியானால், அவர் பணம் தராமல் இழுத்தடிக்கும்போது, லைசென்சு கொடுத்த அதிகாரியிடம் முறையிட்டால் போதாதா? அவர் பணத்தை வாங்கித் தரமாட்டாரா?

நியாயமான கேள்விதான். ஆனால் பதில் அவ்வளவு சுலபமானது அல்ல.

பணம் எங்கே நிற்கிறது?

நெல்லையில் இருந்து சங்கரன்கோவில் போகும் சாலையில் இருக்கிறது பனவடலிசத்திரம். முன்பு திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டம் ஆனபோது அதில் சேர்ந்தது.

இந்த ஊர்க் கொத்தனார் ஒருவர், ஒரு பள்ளிக்கூடக் கட்டிட வேலையில் சென்ட்ரிங், கம்பி கட்டு, பூச்சு ஆகியவற்றை எடுத்துச் செய்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். அவருக்கு வேலை கொடுத்தவர் நகரத்துக் காண்டிராக்டர். அந்தக் காண்டிராக்டருக்கு வேலை கொடுத்தது ஒரு சர்க்கார் இலாகா.

பணம் மேலே இருந்து கீழே வரவேண்டும். இலாகா பில்லை "பாஸ்" செய்து காண்டிராக்டருக்குக் கொடுக்கும். காண்டிராக்டர் கொத்தனாருக்குக் கொடுப்பார். கொத்தனார் தம்மிடம் வேலை செய்யும் ஆள்களுக்குக் கொடுப்பார்.

இதில் யார் காத்திருக்க முடியும்? இலாகா காத்திருக்கலாம். காண்டிராக்டருக்கு பாங்கியில் கடன் கிடைக்கும். ஆனால் சித்தாளுக்கு சனிக்கிழமை சம்பளம் போட்டே ஆகவேண்டும். சிமெண்டுக் கடைக்காரரும் நெடுநாள் பொறுக்கமாட்டார். ஆகவே கொத்தனார் வீட்டு நகை அடகுக் கடைக்குப் போகிறது. பெரிய வேலைக்கான முதலை, வசதி குறைந்த குடும்பம் வட்டிக்கு வாங்கிப் போடுகிறது!

கேட்கப் போனால் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "மேலே பில் பாஸாகலை, அண்ணாச்சி. வந்ததும் தாரேன்."

லைசென்சு அதிகாரி என்ன செய்வார்?

பொதுப்பணித் துறை, நெடுஞ்சாலைத் துறை போன்றவை காண்டிராக்டர்களை வகுப்பு வகுப்பாகப் பதிவு செய்கின்றன. எவ்வளவு பெரிய வேலையை எடுக்க அவருக்குத் தகுதி இருக்கிறது என்பதைப் பார்ப்பதற்கே இந்தப் பதிவு. மின்சார வேலைக்கு லைசென்சு தனி. அதைக் கொடுக்கும் வாரியம், மின் வேலையைப் பாதுகாப்பாகச் செய்யத் தெரியுமா என்று பார்க்கிறது.

வேலை மோசம் என்றாலோ, பொய்க் கணக்கு காட்டினாலோ பதிவை ரத்து செய்யலாம்; கறுப்புப் பட்டியலில் வைக்கலாம். ஆனால் "இன்னாருக்கு இவ்வளவு பணம் கொடு" என்று உத்தரவு போடுவது இவர்கள் வேலை அல்ல.

காரணம் என்ன? ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்களை மட்டுமே அந்த ஒப்பந்தம் கட்டுப்படுத்தும். இலாகாவுக்கும் காண்டிராக்டருக்கும் உள்ள ஒப்பந்தத்தில் கொத்தனாரின் பெயரே கிடையாது. அனுமதி இல்லாமல் வேலையைப் பிறருக்குக் கைமாற்றக் கூடாது என்றுகூட சர்க்கார் ஒப்பந்தங்களில் பொதுவாக நிபந்தனை இருக்கும். ஆகவே, சுவரை எழுப்பியவர் அவரே என்றாலும், காகிதத்தில் அவர் இல்லை!

வீட்டுமனை, அடுக்குமாடிக் கட்டிடங்களைக் கண்காணிக்கும் "ரெரா" ஆணையமும் இருக்கிறதே? 2016-ம் ஆண்டுச் சட்டப்படி அமைந்தது அது. வீடு வாங்குகிறவர்கள் கொடுத்த பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் போட்டு, நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும் மட்டுமே செலவிட வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் நல்ல விதி. ஆனால் அதன் முக்கிய நோக்கம் வீடு வாங்குகிறவரின் பாதுகாப்பு. கொத்தனாரின் பாக்கியை வசூலிக்க ஏற்பட்டது அல்ல.

கூலிக்கு மட்டும் ஒரு காவல்

ஒரு விஷயத்தில் மட்டும் லைசென்சு சட்டம் பணத்தைத் தொட்டது. அது தொழிலாளர் கூலி.

1970-ம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், ஆள்களை வைத்து வேலை வாங்கும் காண்டிராக்டர் லைசென்சு பெற வேண்டும் என்றது. அவர் கூலி கொடுக்கத் தவறினால், வேலை கொடுத்த முதல் முதலாளியே அதைக் கொடுத்துவிட்டு, பிறகு காண்டிராக்டரிடம் கழித்துக்கொள்ள வேண்டும் என்றும் விதித்தது. 2025 நவம்பர் 21 முதல் 4 புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் அமலுக்கு வந்தன. பழைய சட்டம் போனாலும், இந்தப் பொறுப்பு புதிய சட்டத்திலும் இருக்கிறது.

ஆனால் இது கூலியாளுக்கு உள்ள பாதுகாப்பு. சென்ட்ரிங் பலகையும் கம்பியும் போட்டு, லாபநஷ்டம் பார்த்து வேலை எடுத்த சப்-காண்டிராக்டரின் பில்லுக்கு இது பொருந்தாது.

45 நாள் சட்டம்

அப்படியானால் அவருக்குக் கதியே இல்லையா? உண்டு. வேறு ஒரு சட்டம் இருக்கிறது.

சிறு தொழில்களுக்குத் தாமதமாகப் பணம் கொடுத்தால் வட்டி தரவேண்டும் என்று 1993-ல் ஒரு சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக 2006 அக்டோபர் 2 முதல் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டம் அமலுக்கு வந்தது. அதன் விதிகள் எளிமையானவை.

பொருளையோ சேவையையோ ஏற்றுக்கொண்ட நாளில் இருந்து, பேசிய கெடுவுக்குள் பணம் கொடுக்க வேண்டும். அந்தக் கெடு 45 நாளுக்கு மேல் போகக்கூடாது. கெடு எதுவும் பேசவில்லை என்றால் 15 நாள்தான். "வேலை சரியில்லை" என்று சொல்வதானால், 15 நாளுக்குள் எழுத்து மூலம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே பொருள்.

தவறினால் வட்டி உண்டு. சாதாரண வட்டி அல்ல! ரிசர்வ் பாங்கி அறிவிக்கும் "பாங்கி விகித"த்தைப் போல் 3 மடங்கு. அதுவும் மாதந்தோறும் கூட்டு வட்டி. பாங்கி விகிதம் 6 சதவீதம் என்றால், வட்டி 18 சதவீதம். 3 லட்சம் ரூபாய் பாக்கியை ஓர் ஆண்டு இழுத்தடித்தால், ரூ.3 லட்சத்து 58 ஆயிரத்துக்கு மேல் கொடுக்க நேரும்.

"மேலே இருந்து வரவில்லை" என்ற சாக்கு இங்கே செல்லாது. 45 நாள் கணக்கு, காண்டிராக்டருக்குப் பணம் வந்ததா இல்லையா என்று பார்ப்பதில்லை.

முறையிடும் இடம் "வசதியாக்க மன்றம்". சென்னை, மதுரை, கோவை, திருச்சி ஆகிய நகரங்களில் மண்டல மன்றங்கள் அமைக்கப்பட்டன. எந்த மன்றத்துக்கு மனு போகவேண்டும் என்பதை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டு அறியலாம். மன்றம் முதலில் இரு தரப்பையும் சமாதானப்படுத்தப் பார்க்கும். முடியாவிட்டால் மத்தியஸ்தம் நடத்தித் தீர்ப்புச் சொல்லும். 90 நாளில் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம்.

தீர்ப்பை எதிர்த்து காண்டிராக்டர் கோர்ட்டுக்குப் போகலாம். ஆனால் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். சும்மா இழுத்தடிக்க வழக்குப் போடுகிறவர்களுக்கு இது நல்ல கடிவாளம்!

வருமான வரியும் ஒரு நெருக்கடி கொடுக்கிறது. குறு, சிறு தொழிலுக்குத் தரவேண்டிய பணத்தைக் கெடுவுக்குள் தராவிட்டால், அதைக் கொடுக்கும் வரை செலவுக் கணக்கில் காட்ட முடியாது. இந்த விதி 2024 ஏப்ரல் 1 முதல் வந்தது.

இரண்டு முட்டுக்கட்டைகள்

சட்டம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கட்டிட வேலைக்காரர் அங்கே போகும்போது இரண்டு முட்டுக்கட்டைகள் குறுக்கே வருகின்றன.

முதலாவது, பதிவு. "உத்யம்" பதிவு செய்த குறு, சிறு தொழிலுக்கே இந்தச் சலுகை. வேலை முடிந்து, சண்டை வந்த பிறகு பதிவு செய்தால்? பழைய வேலைக்கு அந்தப் பதிவு உதவாது என்று 2021-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறியது. 2025 ஜனவரியில் வேறு நீதிபதிகள் மாறுபட்ட கருத்தைச் சொல்லி, பெரிய பெஞ்சின் முடிவுக்கு விட்டார்கள். இந்தச் சந்தேகத்தில் சிக்காமல் இருக்க ஒரே வழி, வேலை பிடிப்பதற்கு முன்பே பதிவு செய்வது. அதற்குக் கட்டணம் கிடையாது.

இரண்டாவது, வேலையின் தன்மை. செங்கல் விற்பது "பொருள்". ஆள்களைக் கொண்டு வேலை செய்து கொடுப்பது "சேவை". பொருளும் வேலையும் பிரிக்க முடியாமல் கலந்த கட்டுமான ஒப்பந்தம் எதில் சேரும்? எதிலும் சேராது, இந்தச் சட்டமே பொருந்தாது என்று பம்பாய் ஐகோர்ட்டு போன்றவை தீர்ப்புக் கூறியிருக்கின்றன. ஆகவே எதிர்த் தரப்பு வக்கீல் முதலில் எடுக்கும் ஆயுதம் இதுதான். பணம் மிகுதியாக முடங்கும் தொழிலுக்கே சட்டத்தின் கதவு பாதி சாத்தி இருக்கிறது!

அந்தக் கதவு மூடினாலும் சிவில் கோர்ட்டு இருக்கிறது. வாய்ப்பேச்சு ஒப்பந்தமும் சட்டப்படி செல்லும். ஒப்பந்தமே நிரூபணம் ஆகாவிட்டாலும், இலவசமாகச் செய்யாத வேலையின் பலனை அனுபவித்தவர் ஈடு தரவேண்டும் என்று 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 70-வது பிரிவு சொல்கிறது. ஆனால் பொதுவாக 3 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். "நாளை, நாளை" என்பதை நம்பி 3 ஆண்டை விட்டவர் பணத்தையும் விட்டவர்தான்.

காண்டிராக்டர் தரப்பு

காண்டிராக்டர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்வது நியாயம் அல்ல. அவர்களுடைய பில்லும் இலாகாவில் தேங்குகிறது. குறை தோன்றினால் சரி செய்வதற்காக ஒரு பகுதிப் பணத்தை இலாகா பிடித்து வைக்கிறது. அரைகுறையாக வேலையை விட்டு ஓடிய சப்-காண்டிராக்டர்களும் உண்டு. பூச்சு வெடித்தால் பதில் சொல்ல வேண்டியவர் பெரிய காண்டிராக்டர்தான்.

ஆனால் குறை இருந்தால் அதை உடனே எழுதிக் கொடுக்கலாம். பணம் கேட்டு வரும் நாளில்தான் குறை கண்ணில் படுகிறது என்றால், அதை யார் நம்புவார்கள்?

மற்ற நாடுகளில்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் காண்டிராக்டர்களுக்கு ஒரு லைசென்சு வாரியம் 1929-ல் ஏற்பட்டது. அங்கே, தவணைப் பணம் கைக்கு வந்த 7 நாளுக்குள் சப்-காண்டிராக்டரின் பங்கைக் கொடுக்க வேண்டும். வேறு கெடு பேசியிருந்தால் அதன்படி. காரணம் இல்லாமல் பிடித்து வைத்தால் மாதம் 2 சதவீதம் அபராதம், லைசென்சுக்கே ஆபத்து! காண்டிராக்டர் 25 ஆயிரம் டாலருக்கு ஈட்டுப் பத்திரமும் கொடுத்திருக்க வேண்டும்.

நம்மவர்கள் பலர் கட்டிட வேலைக்குப் போகும் சிங்கப்பூரில் 2004-லும், மலேசியாவில் 2012-லும் தனிச் சட்டங்கள் இயற்றப்பட்டன. "எனக்கு வந்தால்தான் உனக்கு" என்ற நிபந்தனை அங்கே செல்லாது. தகராறு வந்தால் ஒரு நடுவர் விரைவில் முடிவு சொல்வார். முதலில் பணத்தைக் கொடு, பிறகு வழக்காடு என்பதே அந்தச் சட்டங்களின் சாரம். பிரிட்டன் 1996-லேயே இந்த வழிக்கு வந்துவிட்டது.

என்ன செய்யலாம்?

லைசென்சு கொடுக்கும் அதிகாரி நீதிபதி ஆகவேண்டியது இல்லை. ஆனால் பதிவைப் புதுப்பிக்கும்போது, "சப்-காண்டிராக்டர் பாக்கி உண்டா?" என்று ஒரு கேள்வி கேட்கலாம். மன்றத்தின் தீர்ப்புக்குப் பிறகும் பணம் தராதவரின் பதிவை நிறுத்தி வைக்கலாம். சப்-காண்டிராக்டரின் பெயரை இலாகா தன் காகிதத்தில் ஏற்றலாம். இவற்றுக்குப் புதிய கஜானா எதுவும் தேவையில்லை.

அதுவரை, சின்ன காண்டிராக்டருக்குத் துணை அவர் வைத்திருக்கும் காகிதம்தான். வேலை பேசியதும் அளவு, விலை, கெடு மூன்றையும் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். வேலை முடிந்ததும் அளவெடுத்து, தேதியுடன் பில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் பெற வேண்டும். பணம் கேட்பதைப் போனில் மட்டும் கேட்காமல் கடிதமாகவும் அனுப்ப வேண்டும்.

"எழுதிக் கேட்டால் கோபித்துக்கொள்வாரோ?" என்ற தயக்கம் பலருக்கு உண்டு. பணம் தரும் எண்ணம் உள்ளவர் ஒரு கையெழுத்துக்குக் கோபிக்கமாட்டார். கோபிக்கிறவர் யார் என்பது, வேலை தொடங்கும் முன்பே தெரிந்துவிடுவது நல்லதுதானே!