இலை எடுத்தால்தான் அடுத்த பந்தி

பி.காம் படிக்கிறவனுக்கு ஜாவா சர்வரில் என்ன வேலை என்று கேட்கப் போகிறவர்களுக்கு முதலிலேயே ஒரு வார்த்தை. "சர்வர் ஸ்லோவா இருக்கு சார், இன்னும் மெமரி வாங்கணும்" என்று வரும் ஃபைலில் கையெழுத்துப் போடப் போவது பெரும்பாலும் நம்மைப் போல டெபிட், கிரெடிட் படித்து வந்தவர்கள்தான். போடுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அதைக் கேட்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். சி மொழியில் புரோகிராம் எழுதுகிறவர், தான் வாங்கிய மெமரியைத் தானே திருப்பிக் கொடுக்க வேண்டும். 1995இல் சன் நிறுவனம் வெளியிட்ட ஜாவாவில் அந்தத் தலைவலி கிடையாது. யாருக்கும் பயன்படாமல் கிடக்கும் பொருட்களை ஜேவிஎம் தானாகவே கண்டுபிடித்து அள்ளிவிடும். இதற்குப் பெயர் கார்பேஜ் கலெக்‌ஷன், சுருக்கமாக ஜிசி. யோசனை ஜாவாவுடையது இல்லை. 1959 வாக்கிலேயே லிஸ்ப் மொழிக்காக ஜான் மெக்கார்த்தி செய்து காட்டியது. ஜாவா அதை வங்கி, ரயில், இன்ஷூரன்ஸ் என்று எல்லா ஆபீசுக்கும் கொண்டு வந்து சேர்த்தது.

இது எப்படி வேலை செய்கிறது என்று புரிய, ஒரு கல்யாண மண்டபப் பந்தியை நினைத்துக் கொள்ளுங்கள். சாப்பிட்டு எழுந்தவர்களின் இலையை எடுத்தால்தான் அடுத்த பந்தி. இலை எடுக்கும்போது யாரும் உட்கார முடியாது, பரிமாறவும் முடியாது. வாசலில் நிற்கிறவர்கள் நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான். ஜேவிஎம் உலகில் இதை "ஸ்டாப் தி வேர்ல்ட்" என்கிறார்கள். அந்த நேரத்தில் சர்வர் எந்த வேலையும் செய்யாது. கோளாறு ஒன்றும் இல்லை, சுத்தம் நடக்கிறது, அவ்வளவுதான். ஆனால் காத்திருப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

இப்போதெல்லாம் மேஜை மேல் பேப்பர் ரோல் விரித்துத்தானே இலை போடுகிறார்கள்? முடிந்ததும் பேப்பரோடு சேர்த்து ஒரே சுருட்டு. நூறு இலை என்றாலும் சுருட்டும் வேலை ஒன்றுதான். இன்னும் பாயசம் குடித்துக் கொண்டிருக்கும் நாலு பெரியவர்களை வேறு மேஜைக்கு மாற்றுவதில்தான் நேரம் போகும். ஜேவிஎம் இதையேதான் செய்கிறது. புதிதாகப் பிறக்கும் பொருட்கள் ஈடன் என்ற முன் ஹாலில் உட்காரும். பெரும்பாலானவை ஒரு ரிக்வெஸ்ட் முடிந்ததுமே செத்துவிடும். ஹால் நிறைந்ததும் உயிரோடு இருக்கும் சிலவற்றை மட்டும் பக்கத்து மேஜைக்கு (சர்வைவர்) நகர்த்திவிட்டு மற்றதைச் சுருட்டிவிடும். பல சுருட்டலுக்குப் பிறகும் எழுந்திருக்காதவை பின்கட்டுக்கு, அதாவது ஓல்டு ஜெனரேஷனுக்குப் போகும். கவனியுங்கள், இந்த முன் ஹாலில் செத்த பொருளுக்குச் செலவே இல்லை. உயிரோடு இருப்பதை நகர்த்தத்தான் செலவு.

இதை வைத்து ஒரு சின்னக் கணக்கு. ஈடன் 2 ஜிபி. சர்வர் நொடிக்கு 500 எம்பி புதுப் பொருள் உருவாக்குகிறது. அப்படியானால் 4 நொடிக்கு ஒரு முறை சுருட்டல். ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டும் கால் நொடியில் முடிந்தால் அந்த நேரத்தில் உயிரோடு இருப்பது கொஞ்சம்தான், சில மில்லி நொடியில் வேலை முடிந்துவிடும். இப்போது டேட்டாபேஸ் மந்தமாகி ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டும் 5 நொடி எடுக்கிறது என்று வையுங்கள். சுருட்ட வரும்போது பாதிப்பேர் இன்னும் சாப்பிட்டுக் கொண்டிருப்பார்கள்! அத்தனை பேரையும் நகர்த்த வேண்டும். பக்கத்து மேஜையிலும் இடம் போதாமல், இன்னும் சில நொடியில் கிளம்பியிருக்க வேண்டியவர்களைக்கூடப் பின்கட்டுக்கு அனுப்ப வேண்டி வரும். பின்கட்டு நிறைந்தால் முழு மண்டபத்தையும் நிறுத்திவிட்டுப் பெரிய சுத்தம். ஆக, கோளாறு டேட்டாபேஸில், பழி மெமரி மேல். ஃபைல் மட்டும் "ரேம் வாங்க" என்று நம் மேஜைக்கு வரும் :-)

அந்தச் சில நொடிக்கு என்ன விலை? நம்ம ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த உதாரணம் தட்கல். ஏசிக்குக் காலை 10 மணி, ஏசி அல்லாத வகுப்புக்கு 11 மணி. தீபாவளிக்கு முந்தின நாள் சென்னையிலிருந்து திருச்சிக்கோ ஸ்ரீரங்கத்துக்கோ மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ஒரு பெர்த் வேண்டும் என்றால் உங்கள் வாழ்க்கை அந்த முதல் நிமிடத்தில்தான் இருக்கிறது. நாள் முழுக்க சர்வர் சராசரியாக எவ்வளவு வேகம் என்பதால் உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

ஐஆர்சிடிசி தளம் 2002இல் ஆரம்பித்தது. 2014 ஏப்ரலில் ரயில்வேயின் கிரிஸ் அமைப்பு உருவாக்கிய புதிய தலைமுறை டிக்கெட் முறை வந்தது. பழையது நிமிடத்துக்கு 2,000 டிக்கெட், புதியது 7,200. இந்தப் பாய்ச்சலுக்கு உதவியவற்றில் ஒன்று ஜெம்ஃபயர் என்ற மென்பொருள். அடிக்கடி தேவைப்படும் தகவலை டிஸ்க்கில் தேடாமல் பல சர்வர்களின் மெமரியிலேயே பகிர்ந்து வைக்கும். அது ஜாவாவில் எழுதப்பட்டது. அப்படியென்றால் அந்தத் தகவல் உட்கார்ந்திருக்கும் இடம் ஜேவிஎம்மின் ஹீப், அதைச் சுத்தம் செய்வதும் இதே ஜிசிதான்.

இங்கேதான் எனக்கு இந்த விஷயமே சுவாரசியமானது. ஜெம்ஃபயரில் சர்வர்கள் ஒன்றையொன்று "இருக்கியா?" என்று விசாரித்துக் கொண்டே இருக்கும். மாற்றாமல் விட்டால், 5 நொடி பதில் வராத சர்வரைச் செத்ததாக நினைத்து மற்றவை விலக்கி வைத்துவிடும். பெரிய ஜிசியில் மாட்டிய சர்வர் சாகவில்லை, இலை எடுத்துக் கொண்டிருந்தது! ஆனால் 6வது நொடி எழுந்து வந்தால் அதன் நாற்காலி பறிபோயிருக்கும். அதுவரை அதன் வேலை மற்றவர் தலையில். அவர்கள் ஹீப்பும் வேகமாக நிறையும், அடுத்த பெரிய சுத்தம் அவர்களுக்கு. ஒரு இடத்தில் 5 நொடி என்பது இப்படித்தான் ஊர் முழுக்கப் பரவுகிறது. ஐஆர்சிடிசி திணறிய நாளெல்லாம் இதனால்தான் என்று நான் சொல்லவில்லை. இம்மாதிரி சர்வர் நடத்துகிறவர்கள் ராத்திரி தூங்காமல் இருப்பதற்கு இது ஒரு காரணம் என்கிறேன். நிமிடத்துக்கு 7,200 என்றால் நொடிக்கு 120. மூன்று நொடி எல்லாம் நின்றால் 360 டிக்கெட். அதில் ஒருவருக்கு வெயிட்டிங் லிஸ்ட் விழுந்தால் அவரிடம் போய் "சராசரி நல்லாத்தான் இருக்கு" என்று சொல்ல முடியுமா?

இதற்கு நம் ஆட்கள் கண்ட ஒரே மருந்து, ஹீப்பைப் பெரிதாக்கு. மைனஸ் எக்ஸ்எம்எக்ஸ் என்று ஒரு ஃபிளாக், அதில் எண்ணை ஏற்று. மண்டபம் பெரிதானால் இலை எடுக்கும் முறை குறையும், உண்மைதான். ஆனால் பின்கட்டில் ஆள் கூடக்கூட, பெரிய சுத்தம் வரும்போது அதற்கேற்ப நீளும். இன்னொரு வேடிக்கை. 64 பிட் ஜேவிஎம்மில் ஹீப் 32 ஜிபிக்குள் இருக்கும்வரை முகவரிகளைப் பாதி அளவில் சுருக்கி வைத்துக்கொள்ளும். 32ஐத் தாண்டினால் ஒவ்வொரு முகவரியும் இரட்டிப்பாகும். அதனால் 31 ஜிபியை 34 ஆக்கினால் முன்பைவிடக் குறைவாகக்கூடக் கொள்ளலாம். காசு கொடுத்து இடத்தைக் குறைத்துக்கொள்வது என்பதை எந்த காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. மெஷினில் 16 ஜிபி இருந்தால் 16ஐயும் ஹீப்புக்கே எழுதி வைப்பவர்களும் உண்டு. ஒவ்வொரு த்ரெட்டுக்கும் சுமார் ஒரு எம்பி தனியாக வேண்டும், கிளாஸ் விவரங்களுக்கு மெட்டாஸ்பேஸ் வேண்டும், ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கும் வயிறு இருக்கிறது. அது டிஸ்க்குக்கு ஸ்வாப் ஆக ஆரம்பித்தால் ஜிசி ஊர்ந்து போகும்.

அடுத்த வியாதி, ஃபிளாக் காப்பி. யாரோ எப்போதோ எழுதிய இருபது வரியை அப்படியே ஒட்டுவது. சிஎம்எஸ் கலெக்டர் 2017இல் ஜாவா 9 வந்தபோது ஒதுக்கப்பட்டு, 2020இல் ஜாவா 14இல் நீக்கப்பட்டது. பெர்ம்ஜென் 2014இல் ஜாவா 8லேயே போய்விட்டது. அந்த வரிகளோடு ஜாவா 17ஐக் கிளப்பினால் சர்வர் எழவே மறுக்கும். ஜாவா 9 முதல் சர்வர்களில் ஜி1 தான் இயல்பாக வருவது. நிறுத்தத்தை 200 மில்லி நொடிக்குள் வைக்க முயற்சி செய்யும். முயற்சிதான், உத்தரவாதம் இல்லை. 2020 முதல் தைரியமாகப் பயன்படுத்தலாம் என்று வந்த இசட்ஜிசி, சாப்பிடுகிறவர்களை எழுப்பாமலே பக்கத்தில் நின்று இலை எடுக்கும் ரகம். 2023இல் ஜாவா 21இல் அதற்கும் முன் ஹால், பின்கட்டுப் பிரிவினை வந்தது. நிறுத்தம் ஒரு மில்லி நொடிக்கும் கீழே. இலவசம் கிடையாது, கூட நாலு ஆள் வேண்டும், அவர்களுக்கும் சம்பளம் உண்டு. மெமரியும் சிபியுவும் கூடுதலாகச் செலவாகும்.

எந்தக் கலெக்டராலும் தீராத ஒன்று உண்டு: துண்டு போட்டு இடம் பிடித்துவிட்டு வராமலே போகும் சொந்தக்காரர். துண்டு இருக்கும்வரை அந்த நாற்காலியை யாரும் தொட மாட்டார்கள். புரோகிராமில் ஏதோ ஒரு மூலையில் அந்தப் பொருளைப் பிடித்து வைத்திருக்கும் ஒரு வரி இருந்தால் ஜிசியும் தொடாது. ஓஎம்ஆரில் பொட்டி தட்டும் என் பெரியப்பா பையன் சமயபுரம் தேருக்கு ஊருக்கு வந்தபோது, அவர் கம்பெனி டெஸ்ட் சர்வரின் ஜிசி லாகைக் கொடுத்தார். எனக்குத் தெரிந்தது எக்செல் ஒன்றுதான். அதில் போட்டு சார்ட் இழுத்தேன். ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கியது. ஒவ்வொரு பெரிய சுத்தத்துக்குப் பிறகும் இறங்கும் அடிப்புள்ளி மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே போனது. "அண்ணா, வாராக்கடன் ஏறிக்கிட்டே போகுதே" என்றேன். சிரித்தார். ஹீப் டம்ப் எடுத்துப் பார்த்தபோது, லாகவுட் செய்யாமல் போனவர்களின் செஷனை ஒரு நாள் முழுக்க வைத்திருக்கும்படி யாரோ செட்டிங் போட்டிருந்தது தெரிந்தது. ரேம் வாங்கும் கோரிக்கை அதற்கு முன்பே டைப் ஆகியிருந்தது என்பது கூடுதல் தகவல்.

ஐஆர்சிடிசிக்கே திரும்ப வருகிறேன். 2025 மே 22 அன்று ஒரே நிமிடத்தில் 31,814 டிக்கெட் பதிவாகிச் சாதனை என்று ரயில்வே அறிவித்தது. அதே அறிவிப்பில் எனக்குப் பெரிதாகப் பட்டது வேறொரு வரி. தட்கல் திறந்த முதல் ஐந்து நிமிடத்தில் லாகின் முயற்சிகளில் 50 சதவீதம் வரை பாட்களாம்! அதாவது, மனிதர்கள் கூட இல்லை. அவற்றைத் தடுக்கும் ஏற்பாடு போட்டு, 2.5 கோடி சந்தேகத்துக்குரிய ஐடிகளை முடக்கினார்கள். படம், பக்கம் போன்ற மாறாத சமாச்சாரங்களைப் பயனருக்கு அருகிலுள்ள சர்வர்களிலிருந்தே கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். 2025 ஜூலை முதல் தட்கலுக்கு ஆதார் சரிபார்ப்பும், ஏஜெண்டுகளுக்கு முதல் அரை மணி நேரத் தடையும் வந்தன. கள்ள டிக்கெட்டை ஒழிக்கத்தான் இதெல்லாம். ஆனால் சர்வர் பக்கம் நின்று பாருங்கள். அழைப்பிதழ் இல்லாத பாதிக் கூட்டத்தை வாசலிலேயே திருப்பி அனுப்பியாகிவிட்டது. அவர்களுக்கு இலையும் போட வேண்டாம், எடுக்கவும் வேண்டாம். எந்த ஃபிளாக்கை எந்த எண்ணுக்கு மாற்றினாலும் இவ்வளவு குப்பை குறைந்திருக்குமா?

இப்போது அந்தக் கேள்வி. ரேம் வாங்கச் சொல்லி ஃபைல் வந்தால், "ஜிசி லாக் எங்கே?" என்று கேளுங்கள். ஜாவா 9 முதல் மைனஸ் எக்ஸ்லாக் என்ற ஒரே ஆப்ஷனில் ஃபைலாக எழுதிக் கொடுத்துவிடும். சர்வருக்கு அது பெரிய சுமையே இல்லை, லைசன்ஸ் காசும் கிடையாது. அதில் மூன்று பார்த்தால் போதும்: மிக நீளமான நிறுத்தம் எவ்வளவு (சராசரி வேண்டாம்), நொடிக்கு எத்தனை எம்பி புதுப் பொருள் பிறக்கிறது, பெரிய சுத்தத்துக்குப் பின் அடிப்புள்ளி ஏறுகிறதா. அடிப்புள்ளி ஏறினால் ஃபைலைத் திருப்பி அனுப்புங்கள். அது கசிவு, எவ்வளவு ரேம் போட்டாலும் நிறையும். சமமாக நின்று, மண்டபம் உண்மையிலேயே போதவில்லை என்றால் தாராளமாகக் கையெழுத்துப் போடுங்கள். லாகே இல்லை என்று பதில் வந்தால், ஸ்டாக் ரெஜிஸ்டர் இல்லாமல் பர்ச்சேஸ் ஆர்டர் கேட்கும் கடைக்கு நாம் என்ன சொல்வோமோ, அதையே சொல்லுங்கள்.