சீட்டு வந்தால் தலாக் ஆகிவிடுமா?

"மூணு தடவை சொல்லியாச்சு. ஜமாத்துச் சீட்டும் கையில இருக்கு. இனி நீ யாரோ, நான் யாரோ!"

இப்படி ஒருவர் சொல்லிவிட்டால் கல்யாணம் முறிந்துவிட்டதா? இல்லை!

ஒரே மூச்சில் மூன்று தலாக் சொன்னால் செல்லாது என்று 2017 ஆகஸ்டு 22-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்துவிட்டது. 2019-ல் சட்டமும் வந்தது. வாயால் சொன்னாலும் சரி, வாட்ஸ்அப்பில் தட்டினாலும் சரி, 3 ஆண்டு வரை ஜெயில்.

அப்படியானால் எதுதான் செல்லும்? தக்க காரணம் வேண்டும். இரு தரப்பிலும் ஆளுக்கொரு மத்தியஸ்தர் உட்கார்ந்து சேர்த்து வைக்கப் பார்த்திருக்க வேண்டும். 2002-ல் ஷமீம் ஆரா வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது இது. முறைப்படி ஒரு தடவை சொன்ன தலாக்கைக்கூட 'இத்தா' காலம் முடிவதற்குள் கணவன் திரும்பப் பெறலாம். மார்க்கமே அவசரப்படவில்லை. அவசரம் ஆளுக்குத்தான்!

சரி, சீட்டு? நெல்லையில் நடந்ததைக் கேளுங்கள். மூன்று நோட்டீசு அனுப்பிவிட்டேன் என்றார் கணவர். மூன்றாவது வரவேயில்லை என்றார் மனைவி. கணவர் ஷரீஅத் கவுன்சில் சீட்டை நீட்டினார். இன்னொரு கல்யாணமும் முடித்துக்கொண்டார். 2018-ல் மனைவி கோர்ட்டுக்குப் போனார்.

2024 அக்டோபரில் ஐகோர்ட்டு மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் பளிச்சென்று சொன்னார்: ஷரீஅத் கவுன்சில் என்பது தனியார் அமைப்பு, கோர்ட்டு அல்ல. தலாக்கை மனைவி மறுத்தால், கணவர்தான் கோர்ட்டுக்குப் போய் நிரூபித்து உத்தரவு வாங்க வேண்டும். அதுவரை கல்யாணம் கல்யாணம்தான். மனைவிக்கு 5 லட்சம் ரூபாய் நஷ்டஈடு, குழந்தைக்கு மாதம் 25 ஆயிரம் என்ற உத்தரவும் நிலைத்தது.

காஜி கொடுக்கும் சான்றிதழ்கூட வெறும் அபிப்பிராயம்தான் என்று 2017 ஜனவரியிலேயே சென்னை ஐகோர்ட்டு சொல்லியிருக்கிறது.

பெண்களும் கவனிக்க வேண்டும். 'குலா' கேட்க மனைவிக்கு உரிமை உண்டு. ஆனால் கவுன்சில் சீட்டை நம்பினால் அதுவும் செல்லாது. 2023-ல் அப்படி ஒரு சீட்டை ஐகோர்ட்டு ரத்தே செய்தது. குடும்ப நல கோர்ட்டுக்குப் போகச் சொன்னது. சீட்டை நம்பி மறுகல்யாணம் செய்துகொண்ட பெண்ணின் கதி என்ன ஆகும்?

ஜமாத்தில் பேசக்கூடாது என்பதில்லை. பெரியவர்கள் பேசித் தீர்க்கட்டும், நல்லதுதான். தீராதபோது தாளில் முத்திரை குத்தி அனுப்புவதுதான் தப்பு.

வீரபாண்டியில் பனியன் கம்பெனி செக்கிங் டேபிளில் நிற்கும் பெண்ணுக்குக் கோர்ட்டு என்றால் பயம். வாய்தாவுக்குப் போனால் ஒரு ஷிப்டு கூலி போச்சு. நெல்லைப் பெண்ணுக்கே ஆறு வருஷம் ஆனது. பொய்யில்லை. ஆனால் வக்கீல் பீசுக்குப் பயப்பட வேண்டாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்ணுக்கு இலவச வக்கீல் வைத்துத் தரச் சட்டம் இருக்கிறது. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தால் போதும். சனிக்கிழமைச் சம்பளத்தில் கை வைக்க வேண்டியதில்லை.