அவைக் குறிப்புக்கு வெளியே

காலனியச் சட்டவாக்க வரலாற்றை அவை நடவடிக்கைக் குறிப்புகளைக் கொண்டு மட்டும் எழுதுவது எத்துணை குறைபாடுடையது என்பதற்குத் தேவதாசி முறை ஒழிப்பே சான்று. மைசூர் அரசு 1909இல் முஜராய்த் துறைக் கோயில்களில் தேவதாசிப் பணியை நிர்வாக ஆணையாலேயே நிறுத்தியது. சென்னைச் சட்டசபையிலோ முத்துலட்சுமி ரெட்டி 1927இல் தீர்மானம் கொண்டுவந்தார். 1929ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் மானிய நிலங்களைக் கோயில் பணிக் கடப்பாட்டிலிருந்து விடுவித்தது. பொட்டுக்கட்டுதலுக்கான தடைச் சட்டம் 1947இல்தான் நிறைவேறியது.

ஆணை விரைவானது, சட்டம் தாமதமானது என்று இதைச் சுருக்கிவிடலாகாது. அந்தத் தாமதத்தில்தான் பாதிக்கப்படுவோர் பேசுவதற்கு இடம் கிடைத்தது. பெங்களூர் நாகரத்தினம்மாள் உள்ளிட்டோர் சங்கமாகத் திரண்டு அரசிடம் தம் மறுப்பை மனுவாக முன்வைத்தனர். அவர்கள் வாதத்தை ஏற்க வேண்டியதில்லை. ஒழிப்பு நியாயமானதே. ஆயினும், தம் நிலத்தையும் கலையையும் பெயரையும் பற்றி அவர்கள் கூறியதைப் படிக்காமல் அச்சட்டத்தின் விளைவை மதிப்பிட இயலாது.

பெங்களூர் ஆவணக்காப்பகங்களில் பணிபுரியும் இளம் ஆய்வாளர்கள், அவையில் பேசியவர்களோடு அவைக்கு எழுதியவர்களையும் தேடிப் படிக்க வேண்டும்.