ஆச்சியின் தாலாட்டு, 38 எம்பி

மும்பை தாராவியில் எனக்குப் பழக்கமான குடும்பம் ஒன்று. பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். 2004இல் மூத்த பையனின் முதல் பிறந்த நாளைக் கொண்டாடி, வீடியோவும் எடுத்தார்கள். ஊரிலிருந்து வந்திருந்த ஆச்சி, சுற்றியிருந்தவர்கள் வற்புறுத்தவே, பேரனை மடியில் கிடத்திக்கொண்டு தாலாட்டுப் பாடினார். ஐந்து நிமிடம் இருக்கும். மறு வருடம் ஆச்சி காலமாகிவிட்டார். அவர் குரல் வேறு எதிலும் பதிவாகியிருக்கவில்லை.

பேரன் இப்போது வேலைக்குப் போகிறான். போன மாதம் ஒரு பென் டிரைவோடு வந்து நின்றான். “மாமா, வீடியோ சிடியிலேர்ந்து ஆச்சி பாட்ட மட்டும் தனியா எடுத்துட்டேன். வேவ் ஃபைல். கம்ப்ரெஸ் பண்ணாத ஒரிஜினல் குவாலிட்டி.”

போட்டுக் கேட்டோம். ஆச்சியின் குரல் கேட்டது. அதற்கு மேலேயே ஒரு சினிமாப் பாட்டும் கேட்டது. வீடியோக்காரர் எடிட்டிங்கின்போது, அழகாக இருக்கட்டும் என்று தம் செலவில் சேர்த்தது. அந்தக் காலத்து விசேஷ வீடியோக்களில் பாதிக்கு இதே கதிதான். தாலி கட்டும்போது ஐயர் சொன்னது என்ன, அப்பா அழுதாரா என்பதெல்லாம் ஹிட் பாடல்களுக்கு அடியில் புதைந்து கிடக்கின்றன.

சினிமாப் பாட்டு ஒரு பக்கம் இருக்கட்டும். பையன் சொன்ன ‘ஒரிஜினல் குவாலிட்டி’யும் சரியில்லை. வேவ் ஃபைலில் ஒலி சுருக்கப்படாமல் இருக்கும் என்பது உண்மை. சிடி தரத்தில் ஒரு விநாடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட் எண்ணாக எழுதி வைக்கிறார்கள். இடது, வலது என்று இரண்டு வரிசை. நிமிடத்துக்குப் பத்து எம்பிக்குக் கொஞ்சம் அதிகமாகும். ஆனால் வீடியோ சிடியில் அவ்வளவு இடம் ஏது? அதில் ஒலிக்கு ஒதுக்கியது விநாடிக்கு 224 கிலோபிட். சிடியில் உள்ளதில் ஆறில் ஒரு பங்குதான். காதுக்கு அவ்வளவாகத் தெரியாது என்று கணக்குப் போட்டு, மீதியைக் கழித்துவிட்டுத்தான் வட்டில் எழுதுகிறார்கள். கழித்தது கழித்ததுதான். ஐந்து நிமிடப் பாட்டு வட்டில் 8 எம்பி. பையனின் வேவ் ஃபைலில் 53 எம்பி. கருவாட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டால் கனம் கூடும், மீனாகிவிடாது.

அப்படியானால் வேவ் வீண் வேலையா? இல்லை. வெட்டுவது, இரைச்சலைக் குறைப்பது என்று கை வைக்கப் போகிறீர்கள் என்றால் வேவ்தான் வேண்டும். எம்பி3யாகவே வைத்துக்கொண்டு திருத்தித் திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கழியும். திருத்தும் உத்தேசமே இல்லையென்றால், வீடியோவில் உள்ள ஒலியை மாற்றாமல் அப்படியே பிரதி எடுப்பது மேல். ‘எஃப்எஃப்எம்பெக்’ என்ற இலவச மென்பொருள் இரண்டையும் செய்யும்.

பாட்டையும் இசையையும் பிரித்துத் தரும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் வந்திருக்கின்றனவே என்று கேட்கலாம். பையன் அதையும் முயன்று பார்த்திருந்தான். தபேலா, வயலினெல்லாம் போய்விட்டன. ஆனால் சினிமாப் பாடகியும் பெண், ஆச்சியும் பெண். மென்பொருள் இரண்டையும் ‘குரல்’ என்று ஒரே பக்கம் தள்ளிவிட்டது.

“எடுத்த டேப் என்னாச்சு?” என்று கேட்டேன். அவனுக்கு டேப் என்ற ஒன்று இருந்ததே தெரியாது. அவன் அப்பாவுக்குப் போன் போட்டோம். “அண்ணாச்சி, கேசட்டு நம்ம துட்டுல வாங்குனதுல்லா? அப்பவே கேட்டு வாங்கி பீரோவுல போட்டுட்டேன்” என்றார். சிக்கனமும் சில சமயம் சரித்திரத்தைக் காப்பாற்றுகிறது.

தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய கேசட். மினி டிவி என்பார்கள். இதில் படத்தைச் சுருக்கித்தான் பதிவார்கள். ஆனால் ஒலியைச் சுருக்குவதில்லை. வட்டில் தொலைந்தது இங்கே அப்படியே கிடக்கும். இதில் இரண்டு வகை உண்டு. விநாடிக்கு 48,000 அளவுகள், 16 பிட், இரண்டு வரிசை; அல்லது 32,000 அளவுகள், 12 பிட், நான்கு வரிசை. இரண்டாவதில் தரம் கொஞ்சம் குறைவு. ஆனால் மிச்சமிருக்கும் இரண்டு வரிசையில், மூல ஒலியைத் தொடாமல் பின்னணி இசை சேர்த்துக்கொள்ளலாம். நம் வீடியோக்காரர் பதிந்திருந்தது இந்த இரண்டாவது வகையில்தான். அந்த வசதியை அவர் பயன்படுத்தவில்லை.

ஒலிக்கும் வீடியோ டேப்புக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. 44,100 என்ற விசித்திரமான எண் எங்கிருந்து வந்தது தெரியுமா? டிஜிட்டல் ஒலியைச் சேமிக்க ஆரம்ப காலத்தில் வீடியோ டேப்பைத்தான் பயன்படுத்தினார்கள். ஒரு கோட்டுக்கு மூன்று அளவுகள், 294 கோடுகள், விநாடிக்கு 50 புலங்கள். பெருக்கிப் பாருங்கள். அமெரிக்க, ஜப்பானிய முறையில் 245 கோடுகள், 60 புலங்கள். அதுவும் 44,100தான். 1982இல் சிடி விற்பனைக்கு வந்தபோது அந்த எண்ணும் கூடவே வந்துவிட்டது.

டேப் கிடைத்தது, ஓட்டுவதற்குக் கேமரா? லாமிங்டன் ரோடு பக்கம் ஒருவர் பழைய கேமராவையும், ஃபயர்வயர் கார்டு போட்ட அதைவிடப் பழைய கம்ப்யூட்டரையும் தூசி தட்டி வைத்திருக்கிறார். புதிய கம்ப்யூட்டர்களில் அந்த ஃபயர்வயர் துளை கிடையாது. சிலர் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர்களில் டேப்பை ஓட்டிக் கொடுத்து வேலையை முடித்துவிடுவார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். டிஜிட்டலை அனலாக் ஆக்கி மறுபடி டிஜிட்டல் ஆக்கும் வேலை அது. ஃபயர்வயரில் வருவது டேப்பில் உள்ள எண்களின் நேர்ப் பிரதி. ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிபி ஆகும்; ஆகட்டும். ரொம்ப நாள் கிடந்த டேப்பை முதலில் ஒரு தடவை கடைசிவரை ஓட்டித் திருப்பிச் சுற்றிவிட்டு, பிறகு போடச் சொல்லுங்கள்.

வந்த ஃபைலிலிருந்து படத்தை விட்டுவிட்டு ஒலியை மட்டும் வேவாக எடுத்தோம். 32,000ஐ 32,000 ஆகவே வைத்தோம். அதை 44,100 ஆக்கினால் கூடுதலாக ஒன்றும் கிடைக்கப்போவதில்லை. ஃபைல் 38 எம்பி. பையன் எடுத்து வந்ததைவிடச் சின்னது.

ஹெட்போன் மாட்டிக் கேட்டான். சினிமாப் பாட்டு இல்லை. மின்விசிறி ஓடுகிறது, பக்கத்து அறையில் யாரோ பாத்திரம் போடுகிறார்கள், ஆச்சி இரண்டு வரிக்கு ஒரு தடவை மூச்சு வாங்குகிறார். நடுவில் ஒரு குழந்தை சிணுங்குகிறது. அது தான்தான் என்பது அவனுக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று.

மூன்றாவது நிமிடத்தில் டேப் பழுதாகி அரை விநாடி ஒலி இல்லை. அந்த ஒரு சொல் சிடியில் இருக்கிறது, சினிமாப் பாட்டோடு. வெட்டி ஒட்டிவிடலாமா என்று கேட்டேன். “வேண்டாம் மாமா, அந்த எடத்துல என்ன வார்த்தைன்னு எனக்குத் தெரியும்” என்றான்.