மெக்காலேயை விட்டுவிடுங்கள்

2024 ஜூலை 1 அன்று மெக்காலே ஒழிந்தார் என்று இனிப்புக் கொடுத்தவர்கள், பாரதிய நியாய சன்ஹிதாவில் திருட்டுக்கான பிரிவைப் புரட்டிப் பார்க்கலாம். பாக்கெட்டில் தீனியை வைத்துக்கொண்டு அடுத்தவன் நாயைத் தன் பின்னால் வரவழைப்பவனைப் பற்றிய பழைய உதாரணம் அப்படியே இருக்கிறது. 511 பிரிவுகள் 358 ஆயின. 420 என்பது 318 ஆனது. எங்க ஊர்ல ஏமாத்துறவனை இன்னும் ஃபோர் ட்வென்ட்டின்னுதான் சொல்றாங்க.

எனக்கு வேறொரு சண்டை இருக்கிறது. கல்வி பற்றி மெக்காலே சொன்னதற்காக அவரைத் திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். ஆனால் 1837-இல் அவர் வரைந்து, இருபது வருஷத்துக்கு மேல் கிடப்பில் கிடந்து, அவர் செத்த மறுவருஷம் 1860-இல் சட்டமான தண்டனைத் தொகுப்பு அடிப்படையில் ஒன்றைத்தான் கேட்டது: நீ என்ன செய்தாய்? பிராமணனுக்கு ஒரு தண்டனை, சூத்திரனுக்கு ஒரு தண்டனை என்ற தர்மசாஸ்திரக் கணக்கு அதில் இல்லை. இலங்கையும் சிங்கப்பூரும் மலாயாவும் அதை எடுத்துக்கொண்டதற்கு பிரிட்டிஷ் துப்பாக்கி மட்டுமே காரணம் இல்லை. தெளிவாக எழுதப்பட்ட சட்டம் அது. புனிதமானது என்று சொல்லவில்லை. ராஜதுரோகப் பிரிவை 1870-இல் சேர்த்தார்கள். வெள்ளைக்காரனை இந்திய நீதிபதி விசாரிப்பதா என்று 1883-இல் இல்பர்ட் மசோதாவுக்கு எதிராகக் குதித்தார்கள்.

நம் ஆட்சியாளர்கள் பொத்திப் பாதுகாப்பது வேறொரு பரம்பரையை. 1819-ஆம் வருஷத்து மதராஸ் இரண்டாம் ரெகுலேஷன், விசாரணையே இல்லாமல் ஆளைப் பிடித்து வைக்க வழி செய்தது. 1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது. 1911-இல் அது நம் மாகாணத்துக்கும் வந்தது. இங்கே கேள்வி 'நீ யார்?' என்பதுதான். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர்க் கள்ளர்களை 1920 ஏப்ரல் 3 அன்று சுட்டார்கள். 1947-இல் மதராஸில் அதை ரத்து செய்தோம், சரி. அடுத்த வருஷமே வழக்கமான குற்றவாளிகளுக்கென்று இன்னொரு சட்டம் வந்துவிட்டது!

1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சி கொண்டுவந்த குண்டர் தடுப்புச் சட்டம் இந்தக் குடும்பத்துப் பிள்ளை. சாராயம் காய்ச்சுபவர், குடிசைப் பகுதி நில அபகரிப்பாளர் என்று ஆரம்பித்து, திருட்டு வீடியோ, மணல் என்று ஆள்வகைகளைச் சேர்த்துக்கொண்டே போனார்கள். குண்டர் யார் என்பதற்கு அது தண்டனைச் சட்டத்தின் அத்தியாயங்களைத்தான் காட்டுகிறது. அந்தக் குற்றத்தைக் கோர்ட்டில் நிரூபிக்கத் தேவையில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். கலெக்டர் கையெழுத்துப் போட்டால் ஒரு வருஷம் வரை உள்ளே.

2023 நவம்பரில் திருவண்ணாமலை கலெக்டர் ஆபீஸிலிருந்து அப்படி உத்தரவுகள் போயின. தீபத்துக்குப் பத்து நாள்தான் பாக்கி. செய்யாறு பக்கம் மேல்மாவைச் சுற்றிய கிராமங்களில் சிப்காட் விரிவாக்கத்துக்கு மூவாயிரம் ஏக்கருக்கு மேல் நிலம் எடுப்பதை எதிர்த்து மாசக்கணக்கில் உட்கார்ந்திருந்தவர்கள் கைதானார்கள். அதில் விவசாயிகளும் அவர்களோடு நின்றவருமாக ஏழு பேர் மேல் குண்டர் சட்டம் பாய்ந்தது. நெல்லு போடுற நிலத்தைத் தர மாட்டேன்னு சொன்னவன் குண்டர்! ஊரே கொதித்த பிறகு ஓரிரு நாளில் ஆறு பேர் மீதான உத்தரவை அரசு விலக்கிக்கொண்டது. ஏழாமவர் இன்னும் காத்திருக்க வேண்டியிருந்தது.

இதைச் செய்தது எந்த அரசு? 1976-இல் மிசாவில் உள்ளே போனதை இன்றுவரை மேடையில் சொல்லிப் பெருமைப்படும் தலைவரின் அரசு. மிசாவும் விசாரணை இல்லாத சிறைதானே? தான் பட்டதை எதிராளி செய்த அநியாயம் என்று மட்டுமே நினைத்துக்கொண்டால், நாற்காலி கிடைத்ததும் அதே பேனா கைக்கு வந்துவிடுகிறது. சன்ஹிதா என்று பெயர் மாற்றியவர்களைக் கேலி செய்ய இவர்களுக்கு அருகதை இல்லை. அவர்களுக்கும்தான் என்ன அருகதை? பழைய சட்டத்தின் 110-ஆம் பிரிவை, 'வழக்கமான குற்றவாளி' என்ற சொல்லோடு, புது நடைமுறைச் சட்டத்தில் 129 ஆக உட்காரவைத்திருக்கிறார்கள்.

கொலை வழக்கில் மாட்டியவனுக்கு வக்கீல் உண்டு, சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யலாம். குண்டர் சட்டத்தில் அடைக்கப்பட்ட விவசாயி அறிவுரைக் குழுவின் முன் நிற்கும்போது வக்கீல் வைத்து வாதாட அவருக்கு உரிமை கிடையாது. இதை மெக்காலே எழுதவில்லை. நம் அரசியல் சாசனத்தின் 22-ஆம் பிரிவே அப்படித்தான் சொல்கிறது.