டச் ஆனாலே பெனால்டியா? 'டைவ்' அடிக்கும் வீரரை நடுவர் எப்படிக் கண்டுபிடிக்கிறார்?

2014 ஜூன் 29. பிரேசிலின் ஃபோர்ட்டலேசா நகரம். வீரர்கள் தண்ணீர் குடிக்கவே ஆட்டத்தை நடுவில் நிறுத்த வேண்டிய அளவுக்கு வெயில். உலகக் கோப்பை நாக்-அவுட் சுற்றில் நெதர்லாந்தும் மெக்சிகோவும் மோதிக்கொண்டிருந்தன.

87 நிமிடம் முடிந்தபோது மெக்சிகோ 1-0 என முன்னிலை. 1986-க்குப் பிறகு காலிறுதியை எட்டிப் பார்க்காத அணி அது. இன்னும் சில நிமிடம் தாக்குப்பிடித்தால் போதும். ஆனால் 88-வது நிமிடத்தில் ஸ்னைடர் கோல் அடிக்க, ஆட்டம் 1-1 ஆனது. அதோடு விட்டதா?

இஞ்சுரி டைமில் நெதர்லாந்தின் ஆர்யன் ராபன் எல்லைக் கோட்டை ஒட்டி பெனால்டி பாக்ஸுக்குள் பந்தோடு புகுந்தார். மெக்சிகோ கேப்டன் ரஃபேல் மார்க்கெஸ் காலை நீட்டினார். அடுத்த நொடி ராபன் இரண்டு கையையும் தூக்கியபடி தரையில் விழுந்தார். விசில் ஊதிய நடுவர் பெத்ரோ புரோயென்சா பெனால்டி கொடுத்தார். ஹுன்டெலார் அதை கோலாக்க, 2-1 எனத் தோற்று மெக்சிகோ வெளியேறியது.

கதை அங்கேயும் முடியவில்லை. ஆட்டம் முடிந்ததும் பேட்டி கொடுத்த ராபன், முதல் பாதியில் ஒருமுறை தான் வேண்டுமென்றே விழுந்ததாக ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். ஆனால் கடைசியில் கிடைத்தது உண்மையான பெனால்டிதான் என்றும் சொன்னார். ஒரு பொய்யை ஒப்புக்கொண்டவர் சொல்லும் இன்னொரு விஷயத்தை யார் நம்புவார்கள்? 'நோ எரா பெனால்', அதாவது 'அது பெனால்டியே இல்லை' என்ற வாசகம் மெக்சிகோ முழுக்கப் பரவியது. இன்று வரைக்கும் அந்த நாட்டு ரசிகர்கள் அதை விடவில்லை.

ரீப்ளேயில் பார்த்தால் மார்க்கெஸின் கால் ராபனின் காலில் பட்டது தெரியும். ராபன் விழுந்த விதத்தில் கொஞ்சம் நடிப்பு கலந்திருந்ததும் தெரியும். ரெண்டுமே உண்மை என்றால், அது பெனால்டியா இல்லையா?

ரூல் புக் என்ன சொல்கிறது?

கால்பந்தின் விதிகளை எழுதுவது ஃபிஃபா அல்ல, ஐ.எஃப்.ஏ.பி. என்ற தனி அமைப்பு. 1886-ல் தொடங்கியது. அதன் விதிப் புத்தகத்தில் ஃபவுல் பற்றிப் பேசுவது 12-வது விதி.

டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும் நாம் கேட்கும் கேள்வி, "டச் இருக்கா, இல்லையா?" என்பதுதான். 12-வது விதி கேட்பதோ வேறு கேள்வி. தடுப்பாட்டக்காரர் எப்படி மோதினார்? கவனக்குறைவாகவா, எதிராளிக்கு என்ன ஆகும் என்ற எண்ணமே இல்லாமலா, அல்லது அளவுக்கு மீறிய வேகத்தோடா?

கவனக்குறைவு என்றால் ஃப்ரீ கிக் மட்டும். அதுவே பாக்ஸுக்குள் நடந்தால் பெனால்டி. அட்டை எதுவும் தேவையில்லை. எதிராளியின் ஆபத்தைப் பொருட்படுத்தாத ஆட்டம் என்றால் கூடவே மஞ்சள் அட்டை. அளவு மீறிய பலம் என்றால் சிவப்பு. உதைப்பது, தள்ளுவது, இடறிவிடுவது, மேலே பாய்வது எல்லாமே இந்த அளவுகோலில்தான் எடை போடப்படும். கையால் பிடித்து இழுப்பது, ஹேண்ட்பால் போன்றவற்றுக்குத் தனிக் கணக்கு.

அப்படிப் பார்த்தால் நம்ம ஊர் டீக்கடை வரைக்கும் பிரபலமான இரண்டு வாதங்கள் அடிபட்டுப் போகின்றன. ஒன்று, "டச் ஆயிடுச்சு, அப்போ ஃபவுல்தான்". கிடையாது. கால்பந்து உடல்கள் உரசும் விளையாட்டு. தோளோடு தோள் இடித்து பந்துக்குப் போட்டி போடுவது முழுக்க சட்டப்படியானது. மற்றொன்று, "பந்தைத் தொட்டுட்டார், அப்போ ஃபவுல் இல்ல". இதுவும் தப்பு. பந்தைத் தொட்ட கையோடு எதிராளியின் கணுக்காலையும் பதம் பார்த்தால் அது ஃபவுல்தான்.

இன்னும் வேடிக்கை, டச் ஆகாமலே ஃபவுல் ஆகலாம். இடறிவிட முயற்சி செய்தாலே போதும் என்கிறது விதி. பாயும் காலிலிருந்து தப்பிக்க ஒரு வீரர் துள்ளிக் குதித்து நிலை தடுமாறினால், அவர் நடிக்கிறார் என்று அர்த்தமில்லை.

டைவ் என்பது எப்போது குற்றம்?

ஃபவுலுக்கு ஆளானதுபோல நடித்து நடுவரை ஏமாற்ற முயற்சி செய்வதற்கு விதிப் புத்தகம் வைத்திருக்கும் பெயர் 'சிமுலேஷன்'. அடிபட்டதாக பாவனை செய்வதும் இதில் அடங்கும். 1999-ல் இது மஞ்சள் அட்டைக்குரிய குற்றம் என்று வெளிப்படையாக எழுதப்பட்டது. தண்டனை அவ்வளவுதான், ஒரு மஞ்சள்.

இங்கே பலரும் கவனிக்காத ஒரு இடம் உண்டு. பெனால்டி கொடுக்கவில்லை என்றால் வீரர் டைவ் அடித்தார் என்று நடுவர் சொல்வதாக அர்த்தம் இல்லை. வழுக்கி விழலாம். வேகத்தில் கால் பின்னலாம். லேசான உரசலில் சாயலாம். இதெல்லாம் ஃபவுலும் இல்லை, டைவும் இல்லை. நடுவர் கையை அசைத்து "எழுந்து ஆடு" என்று சொல்லிவிட்டு ஓடுவார். மஞ்சள் அட்டை காட்ட வேண்டும் என்றால், ஏமாற்றும் நோக்கம் இருந்தது என்று அவர் முடிவுக்கு வர வேண்டும். இன்னொருவர் மனதில் இருப்பதை அரை நொடியில் படிக்கும் வேலை அது.

உடம்பு பொய் சொல்லாதா?

அந்த அரை நொடியில் நடுவர் எதைப் பார்க்கிறார்? முதலில் கோணம். ஓடும் வீரருக்கு நேர் பின்னால் நின்றால் இரண்டு கால்களுக்கு நடுவே இடைவெளி இருந்ததா என்றே தெரியாது. அதனால்தான் நடுவர்கள் பந்தின் பின்னால் நேராக ஓடாமல் பக்கவாட்டில் விலகி ஓடுகிறார்கள்.

அடுத்தது விழும் விதம். இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியல் ஆய்வாளர் பால் மோரிஸ், வீரர்கள் விழும் வீடியோக்களை வைத்து இதை ஆராய்ந்தார். நிஜமாகவே நிலை தடுமாறும் மனிதனின் கைகள் தானாகவே தரையை நோக்கிப் போகும். முகத்தைக் காப்பாற்ற உடம்பு செய்யும் வேலை அது, யோசித்துச் செய்வதில்லை. நடிப்பவரின் கைகளோ மேலே போகும். நெஞ்சு முன்னால் தள்ளி, தலை பின்னால் சாய்ந்து, கால்கள் முழங்காலில் மடங்கி, உடம்பே வில் போல வளையும். மோரிஸ் இதற்கு வைத்த பெயரும் 'வில்லாளியின் வில்' என்பதுதான். இயற்கையான விழுதலில் இந்த உருவம் வராது என்கிறார் அவர்.

மோதலுக்கும் விழுதலுக்கும் நடுவே ஒரு சின்ன தாமதம் இருந்தால் அதுவும் சந்தேகத்துக்குரியது. தோளில் பட்டதற்கு முகத்தைப் பிடித்துக்கொண்டால் கேட்கவே வேண்டாம். 2002 உலகக் கோப்பையில் துருக்கியின் ஹக்கன் உன்சல் உதைத்த பந்து பிரேசிலின் ரிவால்டோவின் தொடையில் பட்டது. ரிவால்டோ பிடித்துக்கொண்டது முகத்தை! உன்சலுக்கு சிவப்பு அட்டை கிடைத்தது. ரிவால்டோவுக்கு ஃபிஃபா பிறகு அபராதம் போட்டது, ஆனால் தடை விதிக்கவில்லை. பிரேசில் அந்தக் கோப்பையையே வென்றது.

சிக்கல் என்னவென்றால், ராபன் மாதிரியானவர்கள் விஷயத்தில் இந்த அறிகுறிகள் உதவாது. நிஜமாகவே மிதி வாங்கிய வீரரும் நடுவர் கவனிக்க வேண்டுமே என்று கூடுதலாகக் கையைத் தூக்குகிறார். நடிப்பு இருந்தது என்பதால் ஃபவுல் இல்லாமல் போய்விடாது.

உண்மையைச் சொன்னவர்களுக்கு என்ன கிடைத்தது?

கிரிக்கெட்டில் 2003 உலகக் கோப்பை அரையிறுதியில், நடுவர் அவுட் கொடுக்காமலேயே ஆடம் கில்கிறிஸ்ட் தானாக நடையைக் கட்டியது நினைவிருக்கும். கால்பந்தில் அப்படி யாரும் இல்லையா?

இருக்கிறார்கள். 1997 மார்ச், ஆர்சனல் - லிவர்பூல் ஆட்டம். கோல்கீப்பர் டேவிட் சீமனைத் தாண்டி ஓடிய ராபி ஃபவுலர் கீழே விழ, நடுவர் பெனால்டியைக் காட்டினார். ஃபவுலர் உடனே எழுந்து, சீமன் தன்னைத் தொடவில்லை, வேண்டாம் என்று கையை ஆட்டினார். நடுவர் கேட்கவில்லை. பெனால்டியை ஃபவுலரே எடுத்தார். சீமன் தடுத்தார். திரும்பி வந்த பந்தை ஜேசன் மெக்காட்டியர் வலைக்குள் தள்ளினார். நேர்மைக்குப் பாராட்டு ஃபவுலருக்கு. 2-1 வெற்றி லிவர்பூலுக்கு. ஆர்சனலுக்கு ஒன்றும் இல்லை.

2014 மார்ச்சில் ஜெர்மனியில் நடந்தது வேறு மாதிரி. நியூரம்பெர்க் அணிக்கு எதிராக வெர்டர் பிரெமனின் ஆரோன் ஹன்ட் பாக்ஸுக்குள் விழுந்தார், பெனால்டி கிடைத்தது. கொஞ்ச தூரம் நடந்த ஹன்ட் நடுவரிடம் திரும்பி வந்து, யாரும் தன்னை இடறவில்லை என்று சொல்லிவிட்டார். ஆட்டம் மீண்டும் தொடங்கும் முன்பு நடுவர் தன் முடிவை மாற்றலாம் என்பது விதி. பெனால்டி ரத்தானது. பிரெமன் அந்த ஆட்டத்தை 2-0 என வென்றது என்பதால் ஹன்ட் தப்பித்தார். தோற்றிருந்தால் சொந்த ரசிகர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

உண்மையில் விதிப் புத்தகம் வீரரிடம் நேர்மையைக் கேட்பதே இல்லை. பொய்யைத்தான் தண்டிக்கிறது, அதுவும் பிடிபட்டால். இடித்தும் விழாமல் ஓடி, அதனால் பந்தைச் சரியாக உதைக்க முடியாமல் போனவருக்கு எழுத்துப்படி ஃபவுல் கிடைக்க வேண்டும். நடைமுறையில் விசில் வருவது அபூர்வம். விழுந்தால்தான் நடுவர் பார்க்கிறார் என்ற பாடத்தை பயிற்சி மைதானத்திலேயே வீரர்கள் கற்றுக்கொள்கிறார்கள். பெனால்டி என்றால் பெரும்பாலும் கோல். பிடிபட்டால் ஒரு மஞ்சள் அட்டை. கணக்கு அவர்களுக்கும் தெரியும்.

ஆட்டம் முடிந்த பிறகு தண்டித்தால்?

முயற்சி நடந்திருக்கிறது. 2009-ல் செல்டிக் அணிக்கு எதிராக டைவ் அடித்ததாக ஆர்சனல் வீரர் எட்வார்டோவுக்கு ஐரோப்பிய கால்பந்து அமைப்பான யுயெஃபா 2 ஆட்டத் தடை விதித்தது. மேல்முறையீட்டில் தடை ரத்து. நடுவரை ஏமாற்றினார் என்பது திருப்திகரமாக நிரூபிக்கப்படவில்லை என்பதே காரணம். ஸ்டூடியோவில் உட்கார்ந்து பலமுறை பார்த்தாலும் நோக்கத்தை நிரூபிப்பது கஷ்டம் என்று அன்றே புரிந்தது.

2017-ல் இங்கிலாந்து வேறு வழியை எடுத்தது. முன்னாள் நடுவர், முன்னாள் பயிற்சியாளர், முன்னாள் வீரர் என மூவர் குழு வீடியோ பார்க்கும். மூவரும் ஒருமனதாகச் சொன்னால் 2 ஆட்டத் தடை. ப்ரீமியர் லீக்கில் இதில் முதலில் சிக்கியவர் எவர்டனின் ஊமர் நியாஸ். கிறிஸ்டல் பேலஸுக்கு எதிராக அவர் வாங்கிய பெனால்டி கோலானது, ஆட்டம் 2-2 டிரா. நியாஸுக்குத் தடை வந்தது. ஸ்கோர் மாறவில்லை. பறிபோன புள்ளிகள் பேலஸுக்குத் திரும்பவும் இல்லை.

வி.ஏ.ஆர். வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டதா?

2018 உலகக் கோப்பையில் வீடியோ நடுவர் முறை அறிமுகமானது. அந்தத் தொடரில் கொடுக்கப்பட்ட பெனால்டிகள் 29. அதற்கு முன் ஒரு உலகக் கோப்பையில் அதிகபட்சமே 18தான். முன்பு கண்ணில் படாமல் போன ஃபவுல்கள் இப்போது சிக்கின. கோஸ்டாரிகாவுக்கு எதிராக நெய்மர் பின்னால் சாய்ந்து விழுந்து வாங்கிய பெனால்டியும் சிக்கியது. நடுவர் பியோர்ன் கைபர்ஸ் மைதான ஓரத் திரையில் பார்த்துவிட்டு அதை ரத்து செய்தார்.

ஆனால் வி.ஏ.ஆர். எல்லாவற்றையும் திருத்த வந்ததல்ல. 'தெளிவான, வெளிப்படையான தவறு' இருந்தால் மட்டுமே தலையிடலாம். 2021 ஜூலை 7, யூரோ அரையிறுதி. இங்கிலாந்து - டென்மார்க் 1-1. எக்ஸ்ட்ரா டைமில் ரஹீம் ஸ்டெர்லிங் பாக்ஸுக்குள் விழ, நடுவர் டேனி மக்கெலி பெனால்டி கொடுத்தார். உரசல் இருந்தது, மிக லேசாக. வீடியோ அறை முடிவை மாற்றவில்லை. ஹாரி கேனின் உதையை ஷ்மைகேல் தடுத்தாலும், திரும்பி வந்த பந்தை கேனே கோலாக்கினார். டென்மார்க் வெளியேறியது.

அதே உரசலுக்கு மக்கெலி விசில் ஊதாமல் விட்டிருந்தால்? அந்த முடிவையும் வி.ஏ.ஆர். மாற்றாமலே விட்டிருக்க வாய்ப்பு அதிகம். மைதானத்தில் நிற்பவர் முதல் நொடியில் என்ன நினைத்தார் என்பதே இன்றும் பாதிக்கு மேல் தீர்மானிக்கிறது. அந்த முதல் நொடியைக் குறிவைத்துத்தான் வீரர்கள் விழுகிறார்கள்.

ஸ்லோ மோஷனிலும் ஒரு வில்லங்கம் உண்டு. மெதுவாக ஓட்டினால் லேசான தட்டலும் பலத்த உதை போலத் தெரியும். அதனால், எங்கே பட்டது, பாக்ஸுக்கு உள்ளேயா வெளியேயா என்பதற்கு மட்டும் ஸ்லோ மோஷன்; எவ்வளவு வேகம் என்பதற்கு சாதாரண வேகத்தில்தான் பார்க்க வேண்டும் என்று வி.ஏ.ஆர். வழிமுறையே சொல்கிறது. விளைவாக, புத்திசாலி ஃபார்வர்டுகள் இப்போது காற்றில் டைவ் அடிப்பதைக் குறைத்துக்கொண்டு, தடுப்பாட்டக்காரரின் கால் மீது தாங்களே காலை விடப் பழகிவிட்டார்கள். கேமராவில் காட்ட ஒரு டச் வேண்டுமே!

பாக்ஸுக்கு வெளியே டைவ் அடித்து ஃப்ரீ கிக் வாங்கினால் வி.ஏ.ஆர். எட்டிக்கூடப் பார்க்காது. கோல், பெனால்டி, நேரடி சிவப்பு அட்டை, ஆள் மாறாட்டம் என நான்கு விஷயங்களுக்காகவே கொண்டுவரப்பட்ட முறை அது. திரையில் பார்த்து பெனால்டியை ரத்து செய்யும் நடுவர், விழுந்தவருக்கு மஞ்சள் காட்டலாம். காட்டியே ஆக வேண்டும் என்றில்லை. நெய்மருக்கு அந்த விழுதலுக்காக கைபர்ஸ் அட்டை எதுவும் காட்டவில்லை. அதே ஆட்டத்தின் 97-வது நிமிடத்தில் பிரேசிலின் இரண்டாவது கோலை அடித்தவரும் நெய்மர்தான்.